நீர் எங்கே காய்கிறது?

பழைய வீடுகளில், அதிலும் கடலோர ஊர்களில், சுவரின் அடியில் ஒன்றிரண்டு அடி உயரத்துக்கு உப்புப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விரலால் தொட்டால் பஞ்சுபோல் ஒட்டும், தடவினால் மாவாய் உதிரும். துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட்டு வெள்ளையடித்தால் சில மாதம் சுத்தமாக இருக்கும். பிறகு மறுபடி பூக்கும். வேறு சில வீடுகளில் உப்பே கண்ணில் படாது. ஆனால் பூச்சு உப்பிக்கொண்டு நிற்கும், தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலிக்கும், ஒருநாள் பாளமாகக் கழன்று விழும். விழுந்த பாளத்தைத் திருப்பிப் பார்த்தால் உப்பு பின்புறம் அப்பியிருக்கும்.

தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது, ஈரம் காய்ந்ததும் அதில் கரைந்திருந்த உப்பு தங்கிவிடுகிறது. இது எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்த விஷயம். விளங்காமல் இருப்பது அடுத்த கேள்வி. ஒரே மண், ஒரே ஈரம், ஒரே உப்பு. அப்படியிருக்க ஒரு சுவரில் உப்பு வெளியே வந்து பூக்கிறது, இன்னொரு சுவரில் பூச்சுக்குப் பின்னால் நின்று அதைப் பெயர்த்தெடுக்கிறது. ஏன் இந்த வேறுபாடு?

உப்பு ஆவியாவதில்லை. நீர் எந்த இடத்தில் ஆவியாகிறதோ அந்த இடத்தில் அது இறங்கிவிடும். ஆகவே உப்பைப் பற்றிய கேள்வி உண்மையில் நீரைப் பற்றியது: சுவரின் மேற்பரப்பிலா, உள்ளே தள்ளியா, நீர் எங்கே காய்கிறது? செங்கல்லுக்குள் இருக்கும் துளைகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானை ஒட்டிய அளவு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எட்டிப் பார்க்க வழியில்லை. அதனால்தான் இந்த விஷயம் கணினிக்குள் போனது. நீரும் காற்றும் நடந்துகொள்ளும் விதிகளைச் சொல்லிக்கொடுத்து, கணினியையே காயவைத்துக் காட்டச் சொல்வதைக் கணினிப் பாவனை என்போம். பொறியாளர்கள் சிமுலேஷன் என்பது இதைத்தான்.

செங்கல்லின் உள்வடிவம் தாறுமாறானது. அதில் தொடங்கினால் ஒன்றும் புரியாது. ஒரே ஒரு கண்ணாடிக் குழாயில் தொடங்குவோம்.

வியன்னாவில் ஒரு குழாய்

வியன்னா இயற்பியலாளர் யோசஃப் ஸ்டெஃபானின் பெயர், சூடான பொருள் எவ்வளவு ஒளியும் வெப்பமும் உமிழும் என்று சொல்லும் 1879-ஆம் ஆண்டு விதியால் புகழ்பெற்றது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1873-இல், ஆவியாதல் பற்றிய தம் சோதனைகளை அவர் வெளியிட்டிருந்தார். அடி மூடிய மெல்லிய குழாய், அதில் ஈதர். வாய் திறந்திருக்கும். திரவமட்டம் எவ்வளவு வேகத்தில் கீழே இறங்குகிறது என்று அளந்தார். இவ்வளவு எளிய சோதனை இவ்வளவு சொல்லும் என்று நம்புவது கடினம்.

இரண்டு முடிவுகள் கிடைத்தன. முதலாவது, மட்டம் வாயிலிருந்து எவ்வளவு தூரம் கீழே இருக்கிறதோ அவ்வளவுக்கு ஆவியாதல் மந்தமாகிறது. தூரம் இரண்டு மடங்கானால் வேகம் பாதி. இரண்டாவது, மட்டம் இறங்கும் வேகத்துக்கும் குழாயின் அகலத்துக்கும் சம்பந்தமே இல்லை. அகலமான குழாயில் ஆவி வெளியேற இடம் அதிகம்; ஆனால் காயவேண்டிய திரவமும் அதே அளவுக்கு அதிகம். ஒன்றுக்கொன்று சரியாகிவிடுகிறது.

முதல் முடிவில் ஒரு வியப்பு ஒளிந்திருக்கிறது. வாய்க்கு அருகில் இருந்தாலும் ஆழத்தில் இருந்தாலும் திரவத்தின் மேற்பரப்பு அதே மேற்பரப்புதான். 25 டிகிரி செல்சியஸில் நீரின் பரப்பை விட்டுக் கிளம்பும் மூலக்கூறுகளின் சராசரி வேகம் வினாடிக்கு சுமார் 590 மீட்டர். கிளம்பியது எதுவும் திரும்பி வராது என்று வைத்துக்கொண்டால், கோட்பாட்டுக் கணக்குப்படி, நீர்மட்டம் வினாடிக்கு 3 மில்லிமீட்டருக்கும் மேல் இறங்கவேண்டும். ஒரு தம்ளர் நீர் அரை நிமிடத்தில் காலியாகிவிடும். அப்படி நடப்பதில்லை, ஏனென்றால் கிளம்பியவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே உடனே திரும்பி விழுகின்றன. மேலே காற்று நிற்கிறது. திருவிழாக் கூட்டத்துக்குள் கண்ணைக் கட்டி விடப்பட்ட ஆளைப்போல, ஒரு நீராவி மூலக்கூறு வினாடிக்குப் பல நூறு கோடி மோதல்களை வாங்கி, முன்னும் பின்னும் தள்ளப்பட்டு, குறிக்கோளே இல்லாமல் அலைகிறது. கூட்டமாகப் பார்த்தால் மட்டும், ஆவி அடர்ந்த இடத்திலிருந்து அடர்வு குறைந்த இடத்துக்கு மெல்ல நகர்வது தெரியும். இதற்கு விரவல் என்று பெயர்.

காய்தலின் வேகத்தைத் தீர்மானிப்பது நீர் கிளம்பும் அவசரம் அன்று, வெளியே போகும் வழியின் நீளம். இந்த அத்தியாயம் முழுவதும் இதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்கப்போகிறோம்.

கையால் ஒரு பாவனை

கணினி செய்வதை நாமே தாளில் செய்து பார்க்கலாம். 10 செ.மீ. நீளமுள்ள வட்டக் குழாய், அடி மூடியது, உள்ளே நீர். வெப்பநிலை 25 டிகிரி. வாய்க்கு வெளியே முற்றிலும் உலர்ந்த காற்று மெல்ல வீசிக்கொண்டிருக்கிறது, வெளியே வந்த ஆவியை உடனுக்குடன் எடுத்துப் போகிறது. தொடங்கும்போது நீர்மட்டம் வாயிலிருந்து 1 மி.மீ. கீழே. நுண்குழாயில் நீரின் மேற்பரப்பு தட்டையாக இருக்காது. ஓரம் ஏறி நடு குழிந்து பிறைபோல் இருக்கும். அதைப் பிறைப்பரப்பு என்று அழைப்போம்.

தேவையான எண்கள் மூன்றே. பிறைப்பரப்பை ஒட்டிய காற்றில் ஒரு கன மீட்டருக்கு 23 கிராம் நீராவி இருக்கும். அந்த வெப்பநிலையில் காற்று தாங்கும் உச்ச அளவு அது. ஒரு கன மீட்டர் நீரின் எடை ஏறத்தாழ 1000 கிலோ. நீராவி காற்றில் விரவும் திறன் வினாடிக்கு 0.25 சதுர செ.மீ. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், பிறைப்பரப்பு 1 மி.மீ. ஆழத்தில் இருக்கும்போது அது இறங்கும் வேகம் மணிக்கு 2.08 மி.மீ. என்று வருகிறது. மற்ற ஆழங்களுக்கு, இந்த எண்ணை ஆழத்தால் வகுத்தால் போதும்.

இனி பாவனை. முதலில் ஒரு மணி நேரத்தை ஒரே எட்டாக வைப்போம். வேகம் 2.08, ஆகவே ஒரு மணிக்குப் பிறகு ஆழம் 1 கூட்டல் 2.08, அதாவது 3.08 மி.மீ. இது தவறு. பிறைப்பரப்பு இறங்க இறங்க வேகம் குறைந்துகொண்டே வந்திருக்க வேண்டும். நாமோ தொடக்க வேகத்தையே ஒரு மணி நேரமும் ஓட்டிவிட்டோம். எட்டைப் பத்து நிமிடமாகக் குறைப்போம். முதல் பத்து நிமிடத்தில் 0.35 மி.மீ. இறங்கி ஆழம் 1.35 ஆகிறது. இப்போது வேகத்தைப் புதிதாகக் கணக்கிடுகிறோம்: அடுத்த பத்து நிமிடத்தில் 0.26 மட்டுமே, ஆழம் 1.60. பிறகு 1.82, 2.01, 2.18, கடைசியில் 2.34. எட்டு ஒரு நிமிடமானால் விடை 2.28-க்கு வருகிறது. எட்டே இல்லாமல் துல்லியமாகக் கணக்கிட்டால் 2.27.

பாவனை எழுதுவோரின் அன்றாடக் கவலை முழுவதும் இந்தச் சின்னக் கணக்கில் இருக்கிறது. எட்டு பெரிதானால் விடை பிசகும். சிறிதானால் வேலை பெருகும். எவ்வளவு சிறிது போதும் என்று கண்டுபிடிக்க நம்பகமான ஒரு வழி, எட்டைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுவது. விடை அசையவில்லை என்றால் போதும். அசைந்தால் இன்னும் பாதியாக்க வேண்டும். திரையில் எவ்வளவு அழகான வண்ணப்படம் வந்தாலும், இந்தச் சோதனையைச் செய்யாத பாவனையை நான் நம்பமாட்டேன்.

தொடர்ந்து ஓட்டினால் இப்படி வருகிறது: 1 செ.மீ. ஆழத்தை எட்ட ஒரு நாள். 2 செ.மீ. எட்ட நான்கு நாள். 3 செ.மீ. எட்ட ஒன்பது நாள். குழாய் முழுவதும் காய்ந்து அடியைத் தொட 100 நாள். ஆழத்தின் வர்க்கத்தோடு காலம் ஏறுகிறது. வெளிக்காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் எல்லாக் காலமும் இரண்டு மடங்கு. 70 சதவீதம் என்றால் மூன்று மடங்குக்கும் மேல்.

இந்தக் கணக்கில் சிலவற்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். வெளியேறும் ஆவி தன்னோடு கொஞ்சம் காற்றையும் தள்ளிக்கொண்டு போகும். ஸ்டெஃபான் அதையும் கணக்கில் சேர்த்தார். நமது வெப்பநிலையில் அதன் விளைவு 2 சதவீதத்துக்கும் குறைவு. ஆவியாகும்போது நீர் குளிரும். கண்ணாடிச் சுவர் வழியாக வெப்பம் வந்து அதை ஈடுகட்டுகிறது என்று கொண்டோம். ஈதர்போல் விரைந்து ஆவியாகும் திரவத்துக்கு இப்படிக் கொள்ளமுடியாது. ஆவியின் பரவல் எப்போதும் நிலைபெற்ற கோலத்தில் இருப்பதாகவும் கொண்டோம். இது சரியா என்று எளிதில் சரிபார்க்கலாம். 10 செ.மீ. தூரத்தை விரவிக் கடக்க ஆவிக்கு ஏறத்தாழ 200 வினாடி ஆகும். அந்த நேரத்தில் பிறைப்பரப்பு இறங்குவது ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல். அதனால் துணிந்து விடலாம்.

சதுரக் குழாய்

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்வோம். குழாயின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் சதுரமாக இருக்கட்டும். நீளம், நீர், காற்று எல்லாம் அப்படியே.

அகலம் முக்கியமில்லை என்று பார்த்தோம். ஆகவே வடிவமும் முக்கியமில்லை என்று எண்ணத் தோன்றும். நடப்பது வேறு. சதுரக் குழாயைப் படுக்கவைத்து உருப்பெருக்கி வழியே பார்த்தால், பிறைப்பரப்பு உள்ளே பின்வாங்கிய பிறகும் நான்கு மூலைகளிலும் நான்கு மெல்லிய நீர் இழைகள் வாய்வரை நீண்டு கிடப்பது தெரியும். நடுவில் காற்று, மூலைகளில் நீர். பிறைப்பரப்பு பல மில்லிமீட்டர் உள்ளே போய்விட்டது. ஆனால் குழாயின் வாய் இன்னும் நனைந்தே இருக்கிறது.

காரணம் வளைவு. நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல் நடந்துகொள்கிறது. இதைத்தான் பள்ளியில் பரப்பு இழுவிசை என்று படித்தோம். குழிந்து வளைந்த பரப்புக்கு அடியிலுள்ள நீரில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. வளைவு எவ்வளவு நெருக்கமோ, அழுத்தம் அவ்வளவு குறைவு. மூலையில் கிடக்கும் இழை நுனியை நோக்கிப் போகப்போக மெலிகிறது. மெலிந்த இடத்தில் வளைவு அதிகம், அழுத்தம் குறைவு. எனவே உள்ளிருந்து நீர் நுனியை நோக்கி இழுக்கப்படுகிறது. நுனியில் நீர் ஆவியானால் இழை இன்னும் மெலிகிறது, இழுப்பு இன்னும் கூடுகிறது. இழந்ததை இழையே ஈடுகட்டிக்கொள்கிறது.

எல்லாத் திரவமும் மூலையில் ஏறாது. திரவம் கண்ணாடியைத் தொடும் இடத்தில் உண்டாகும் கோணத்தைச் சேர்கோணம் என்கிறோம். சதுர மூலையில் அது 45 டிகிரிக்குக் கீழே இருந்தால் மட்டுமே இழை உண்டாகும். பால் கான்கஸ், ராபர்ட் ஃபின் என்ற இரு கணித அறிஞர்கள் 1969-இல் இந்த எல்லையை நிறுவினார்கள். சுத்தமான கண்ணாடியில் நீருக்குச் சேர்கோணம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், அதனால் இழை வரும். எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த கண்ணாடியில் வராமல் போகலாம்.

இனி காலத்தைக் கணக்கிடுவோம். இழைகள் கடைசிவரை வாயைத் தொட்டுக்கொண்டே இருந்தால், ஆவி கடக்கவேண்டிய வழி நீளவே நீளாது. வாய்க்கு வெளியே காற்றின் மந்தமான ஒரு மெல்லிய அடுக்கு மட்டும்தான் தடை. அதன் தடிமன் 1 மி.மீ. என்று வைத்தால், தொடக்கத்தில் இருந்த வேகமே கடைசிவரை நிற்கும்: மணிக்கு 2.08 மி.மீ., நாளுக்கு 5 செ.மீ. நூறு நாள் ஆன அதே 10 செ.மீ. குழாய் இரண்டே நாளில் காய்ந்துவிடும்.

நூறு நாள், இரண்டு நாள். நீர் அதே நீர்தான். மூலை இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே மாறியது.

உண்மையான குழாய் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். இழை நீள நீள அதன் வழியே நீர் ஓடுவது கடினமாகிறது, ஏனென்றால் மெல்லிய இழையில் நீரின் பாகுத்தன்மை காலைப் பிடித்து இழுக்கும். தவிர, உண்மையான கண்ணாடி மூலை ஊசிமுனைபோல் கூராக இருக்காது, சற்று உருண்டிருக்கும். இழை எவ்வளவு மெலியலாம் என்பதற்கு அந்த உருட்சி ஒரு வரம்பு வைத்துவிடும். ஒரு கட்டத்தில் நுனிகள் வாயை விட்டு உள்ளே நழுவும். அந்த நொடியிலிருந்து வேகம் சரசரவென்று விழும்.

பிரான்சின் துலூஸ் நகரில் மார்க் பிராவும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதை ஒற்றைச் சதுரக் குழாயில் சோதனையாகவும் கணக்காகவும் செய்து, 2009-இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் ஆய்விதழில் வெளியிட்டார்கள். மூன்று கட்டங்கள் தெரிந்தன: வேகம் மாறாத கட்டம், வேகம் விழும் கட்டம், எல்லாம் உள்வாங்கிய மந்தமான கட்டம். எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடித்ததற்குக் காரணம் உண்டு. 1929-இலேயே அமெரிக்க வேதிப்பொறியாளர் தாமஸ் ஷெர்வுட், ஈரமான திடப்பொருள்கள் முதலில் மாறாத வேகத்திலும் பிறகு குறைந்துவரும் வேகத்திலும் காய்வதை விவரித்திருந்தார். கோடிக்கணக்கான துளைகளின் கூட்டுச்செயலாகத் தோன்றிய அந்தக் கோலம் முழுவதும் மூலையுள்ள ஒரே ஒரு குழாயில் அடங்கியிருந்தது.

எதை விடுவது?

சதுரக் குழாயைக் கணினியில் ஏற்றும்போது ஒரு சங்கடம் வருகிறது. குழாயின் நீளம் சென்டிமீட்டர் கணக்கு. இழையின் தடிமன் மைக்ரான் கணக்கு. இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க வேண்டும்.

நேர்வழி ஒன்று உண்டு. குழாயைச் சின்னஞ்சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பங்கு நீர், எத்தனை பங்கு காற்று என்று எழுதிவைப்பது. முழு நீருக்கு 1, முழுக் காற்றுக்கு 0, இடையில் இருந்தால் அங்கே பரப்பு ஓடுகிறது என்று பொருள். ஹெர்ட், நிக்கல்ஸ் என்ற இருவர் 1981-இல் வெளியிட்ட இந்த முறையும் அதன் வாரிசுகளும் இன்றும் பரவலாகப் பயன்படுகின்றன. ஆனால் 1 மி.மீ. பக்கமும் 10 செ.மீ. நீளமும் உள்ள நமது குழாயை 10 மைக்ரான் கட்டங்களாகப் பிரித்தால் 10 கோடி கட்டங்கள். அவ்வளவு சிறிய கட்டத்தில் பரப்பு இழுவிசையின் அதிர்வுகளைத் தொடர, கால எட்டு ஒரு மைக்ரோவினாடி அளவில் இருக்கவேண்டும். இரண்டு நாள் காய்தலுக்கு 17,000 கோடி எட்டுகள். ஒவ்வொரு எட்டிலும் 10 கோடி கட்டங்களைத் தொட்டுத் திருத்தவேண்டும். செய்து முடிக்கக்கூடிய வேலை அன்று.

இன்னும் அடியாழத்துக்குப் போய், மூலக்கூறுகளையே ஒவ்வொன்றாகப் பின்தொடரும் முறையும் இருக்கிறது. ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான், அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகத்தில் 864 ஆர்கான் அணுக்களைக் கொண்டு ஒரு திரவத்தைக் கணினிக்குள் உருவாக்கி 1964-இல் வெளியிட்டார். 1971-இல் ஃபிராங்க் ஸ்டில்லிங்கருடன் சேர்ந்து 216 மூலக்கூறுகளால் நீரையே பாவனை செய்தார். இந்தத் துறையின் முன்னோடி அவர். ஆனால் நமது குழாயில் ஒரு கன மில்லிமீட்டர் நீரிலேயே 3.3 லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உள்ளன. கால எட்டோ ஒரு வினாடியைக் கோடி கோடியாகப் பிரித்தாலும் போதாத அளவு சிறியது. குழாய் காயும்வரை ஓட்ட முடியாது. மூலக்கூறு பரப்பிலிருந்து எப்படிப் பிரிகிறது என்பதற்கு அந்த முறையைவிட நல்ல சாட்சி இல்லை. நமது கேள்வி அதுவன்று.

ஆகவே நடைமுறையில் வேலையைப் பிரிக்கிறார்கள். பிறைப்பரப்பின் வடிவத்தைத் தனியாக, பரப்பின் ஆற்றல் எந்த வடிவத்தில் மிகக் குறைவாக இருக்கும் என்று தேடி, ஒருமுறை கண்டுபிடித்து வைத்துக்கொள்கிறார்கள். கென்னத் பிராக்கே எழுதிய சர்ஃபேஸ் எவால்வர் என்ற இலவச மென்பொருள் இதைத்தான் செய்கிறது. இழைக்குள் நீர் ஓடுவதை, நீளத்தை மட்டும் பார்க்கும் ஒற்றைப் பரிமாணக் கணக்காகச் சுருக்குகிறார்கள். ஆவிக்கு முன்பு பார்த்த விரவல் கணக்கு. மூன்றையும் நுனியில் கோத்துவிட்டால், நுனி வரை வந்து சேரும் நீரும் அங்கே ஆவியாகும் நீரும் சமமாகும் இடத்தை நுனி தானே தேடிக்கொள்ளும். நேர்வழியில் முடியாத வேலை சாதாரண மடிக்கணினியில் சட்டென்று முடிகிறது. ஒரு பாவனையின் தரம் அதில் எத்தனை கோடி கட்டங்கள் என்பதில் இல்லை. எதை விட்டால் விடை அசையாது என்று தெரிந்து விடுவதில்தான் அந்தத் தொழிலின் தேர்ச்சி இருக்கிறது.

இரண்டு குழாய், பிறகு ஒரு செங்கல்

அடுத்த படி, இரண்டு குழாய்களை அடியில் இணைப்பது. ஒன்றின் ஆரம் 0.1 மி.மீ., மற்றது 0.01 மி.மீ. இரண்டிலும் வாய்வரை நீர். இரண்டு வாய்களும் காற்றில் காய்கின்றன. எதில் மட்டம் முதலில் இறங்கும்?

குறுகிய குழாயில் கொஞ்சம் நீர்தான் இருக்கிறது, அது முதலில் காலியாகும் என்றே பலரும் சொல்வார்கள். நேர்மாறாக நடக்கிறது. அகலக் குழாய் நீரை 15 செ.மீ. உயரம் தூக்கும் வலு உள்ளது. குறுகிய குழாயோ 1.5 மீட்டர் தூக்கும். வளைவு நெருக்கமான குறுகிய குழாய், தன் வாயில் ஆவியாகும் ஒவ்வொரு துளிக்கும் பதிலாக அகலக் குழாயிலிருந்து நீரை அடிவழியாக உறிஞ்சிக்கொள்கிறது. அகலக் குழாய் இறங்கிக்கொண்டே போக, குறுகிய குழாய் வாய்வரை நிறைந்தே நிற்கிறது.

செங்கல்லுக்கு இதே விதி. இர்விங் ஃபாட் 1956-இல் துளைகளை ஒரு வலைப்பின்னலாகப் பார்க்கலாம் என்று காட்டினார். 1983-இல் வில்கின்சனும் வில்லெம்சனும் அதற்குள் ஒரு பாய்மம் நுழையும் விதத்தை எளிய விதியாக்கினார்கள். காய்தலுக்கு அதைப் பொருத்தினால் விதி இவ்வளவுதான்: காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் துளைகளில் எது மிக அகலமோ அது அடுத்துக் காலியாகும். கணினியில் ஓட்டினால், காற்று நேர்க்கோட்டில் உள்ளே போவதில்லை. விரல்விரலாகப் பிரிந்து, அகலமான வழிகளைத் தேடி ஆழத்துக்குள் போகிறது. அதன் இருபுறமும் குறுகிய துளைகள் நீரோடு அப்படியே நின்று, ஆழத்து நீரை மேற்பரப்புக்கு ஏற்றிக்கொண்டிருக்கின்றன. துளைகளின் சுவர்கள் கரடுமுரடாகவும் மூலைமுடுக்குகளோடும் இருப்பதால், காலியான துளைகளிலும் இழைகள் மிஞ்சுகின்றன. சுவரின் உள்ளே நீர் வெகுவாகக் குறைந்த பிறகும் வெளிமுகம் ஈரமாகவே இருப்பது இதனால்தான்.

உப்பு இறங்கும் இடம்

இனி சுவர் இரண்டாகப் பிரிவதன் காரணத்தைச் சொல்லமுடியும். இழைகளும் குறுகிய துளைகளும் மேற்பரப்பை எட்டும்வரை நீர் அங்கேதான் ஆவியாகும். உப்பும் அங்கேதான் பூக்கும். அந்தத் தொடர்பு எங்கே அறுகிறதோ, அந்த ஆழத்திலிருந்து வெளியே போவது ஆவி மட்டும். உப்பு அங்கேயே இறங்கிவிடும்.

அறுவதற்குப் பல வழிகள். வெயிலும் காற்றும் கடுமையாக இருந்து, இழைகள் கொண்டுவரும் வேகத்தைவிட ஆவியாகும் வேகம் மிஞ்சினால் நுனிகள் உள்வாங்கும். நீர் ஒட்டாத பூச்சு அடித்தால், சேர்கோணம் மாறி, இழை பூச்சின் பின்புறத்திலேயே நின்றுவிடும். நுண்ணிய துளைகளுள்ள செங்கல்லின் மேல் அகலத் துளைகளுள்ள பூச்சைப் பூசினாலும் இதுதான் கதி: நீர் குறுகிய துளைகளை விட்டு அகலத் துளைக்கு வர மறுக்கும், செங்கல்லும் பூச்சும் சந்திக்கும் இடமே காயும் இடமாகிவிடும். அங்கே வளரும் உப்புப் படிகங்கள் இடுக்கில் அழுத்தம் கொடுத்துப் பூச்சைப் பெயர்க்கும். உப்புப் பூக்கிறதே என்று நீர்புகாப் பெயின்ட் அடிப்பவர்கள் உப்பை நிறுத்துவதில்லை, அது இறங்கும் இடத்தை மட்டும் உள்ளே தள்ளுகிறார்கள். வெளியே பூக்கும் உப்பு அசிங்கமாக இருக்கலாம்; சுவருக்கு அதுவே குறைந்த தீங்கு. பழங்கட்டடங்களைப் பேணுவோர் சிமென்டுப் பூச்சைத் தவிர்த்து, உப்பை வாங்கிக்கொண்டு தானே உதிரும் சுண்ணாம்புக் காரையைப் பூசுவதும், உதிர்ந்தபின் மறுபடி பூசுவதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகின்றன.

சாப்பாட்டு உப்பு இன்னொரு சிக்கலையும் சேர்க்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை வாங்கிக் கரைகிறது. தரையிலிருந்து புதிதாக ஈரம் ஏறாவிட்டாலும், மழைமாதங்களில் சுவர் கசிவதும் வெயிலில் மறுபடி படிகமாவதும் மாறிமாறி நடக்கும். ஒவ்வொரு சுற்றும் இன்னொரு அழுத்தம். பாவனைக்கு இது கடினமான இடம். ஏனென்றால் உப்பு வந்ததும் குழாயின் வடிவமே மாறுகிறது: துளை அடைபடலாம், அல்லது உப்பின் படிகக் கூட்டமே புதிய நுண்துளைகளாகி நீரை இன்னும் வெளியே இழுத்துச் செல்லலாம். எந்த உப்பு, எந்தத் துளை என்பதைப் பொறுத்து இரண்டும் நடக்கின்றன.

இன்னும் குறுகினால்

இதுவரை பார்த்த குழாய்களில் நீருக்கு மேலுள்ள ஆவியின் அடர்வு, பரந்த ஏரியின் மேல் இருப்பதே என்று கொண்டோம். மைக்ரான் வரை அது சரி. அதற்குக் கீழே வளைவின் நெருக்கம் மூலக்கூறுகளையே பிடித்துவைக்கத் தொடங்குகிறது. பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் 1871-இல் கண்ட உறவின்படி, 10 நானோமீட்டர் ஆரமுள்ள துளையில் ஆவியின் அடர்வு 10 சதவீதம் குறைகிறது. 1 நானோமீட்டரில் அது மூன்றில் ஒரு பங்கை ஒட்டிவிடுகிறது. அவ்வளவு குறுகிய துளை சாதாரண அறைக்காற்றில் காயவே காயாது. காற்றிலிருந்து நீரை வாங்கி நிறைந்துகொள்ளும்.

கணினிச் சில்லுகள் செய்யும் ஆலைகளுக்கு இது அன்றாடப் பிரச்சினை. சிலிக்கான் தட்டில் செதுக்கிய மெல்லிய சுவர்களைக் கழுவியாக வேண்டும், கழுவியபின் காயவைத்தாக வேண்டும். சுவர்களுக்கு இடையே 20 நானோமீட்டர் இடைவெளி என்றால், அதில் தங்கிய நீரின் பிறைப்பரப்பு இருபுறச் சுவர்களையும் சுமார் 70 வளிமண்டல அழுத்தத்துக்கு நிகரான விசையோடு உள்ளே இழுக்கும். உயர்ந்த மெல்லிய சுவர்கள் வளைந்து ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்ளும். நீர் முழுவதும் போனபிறகும் பிரியாது. அதனால் கடைசிக் கழுவலில் நீரை விலக்கி, பரப்பு இழுவிசை அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பயன்படுத்துகிறார்கள். அதுவும் போதாத இடத்தில், 31 டிகிரிக்கும் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே வைத்த கார்பன் டைஆக்சைடைச் செலுத்துகிறார்கள். அந்த நிலையில் திரவம், வாயு என்ற பிரிவே இல்லாததால் பிறைப்பரப்பு உண்டாவதில்லை. ஆனால் அதற்குக் கனத்த அழுத்தக் கலம் வேண்டும். ஆகவே புதிய வடிவம் ஒன்றைச் செதுக்குவதற்கு முன்பே, சுவரின் வளைவையும் பிறைப்பரப்பின் இழுப்பையும் சேர்த்துப் பாவனை ஓட்டி, இந்தத் தடிமனுக்கு எவ்வளவு உயரம்வரை சுவர் சாயாமல் காயும் என்று கணக்கிடுகிறார்கள்.